சுவரில் இருக்கும் பழைய பிள்ளைப் படம்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய குடும்பப் படங்களை ஸ்கான் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். உட்துறைமுக வீதி, பெரியகடை, உவர்மலை, தம்பலகாமம் என்று எங்கிருந்து வந்தாலும், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தீட்டிய பிள்ளைப் படம் வைத்திருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தந்திருக்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: இதை வாசித்து முடிக்கும்வரை படத்தைத் துடைக்கவும் வேண்டாம், பிறேமைக் கழற்றவும் வேண்டாம்.

"எங்கட வீட்டில இருக்கிறது கையால கீறின படமா, போட்டோவா? பார்த்தா ரெண்டு மாதிரியும் இருக்கு."

இரண்டுமாகவே இருக்கலாம். அந்தக் காலத்தில் போட்டோவைப் பெரிதாக்கி, அதன் மேல் நீர்வர்ணமோ எண்ணெய் வர்ணமோ கரித்துண்டோ கொண்டு தீட்டிக் கொடுப்பது பரவலான தொழில். சூரிய ஒளியால் போட்டோவைப் பெரிதாக்கும் கருவிக்கு 1857இலேயே அமெரிக்காவில் டேவிட் வுட்வர்ட் காப்புரிமை பெற்றுவிட்டார். இப்படிச் செய்த படத்தில் முகம் போட்டோவாகவே நிற்கும். உடுப்பு, நாற்காலி, பின்னணித் திரை எல்லாம் தூரிகை வேலையாக இருக்கும். முகத்தில் நிழல் மெல்லக் கரைந்து போவதும், உடுப்பில் மட்டும் வர்ணம் தடித்து நிற்பதும் கண்ணில் பட்டால் அது வர்ணம் தீட்டிய போட்டோ என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நகைகளில் பொன்வர்ணத்தைப் புள்ளி புள்ளியாகப் புடைக்க வைத்திருப்பார்கள்.

கன்வஸ் துணியில் முழுக்கக் கையால் தீட்டிய எண்ணெய்ப் படம் அபூர்வம். இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தூரிகை ஓடிய தடமும், நெசவின் மேடு பள்ளமும், வலைபோன்ற நுண் வெடிப்பும் எழுந்து தெரியும்.

மூன்றாவது வகை அச்சுப் படம். ஒலியோகிராப் என்று அழைக்கப்பட்ட இது கல்லச்சில் பல நிறங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதித்து, வார்னிஷ் பூசி, சில வேளை துணி நெசவு போலப் புடைப்பும் போட்டு வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தின் சிவப்பு தனித்தனிப் புள்ளிகளாக உடையும். இது தெரியவரும்போது பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. சோரத் தேவையில்லை. நான்கு தலைமுறை சாமியறையில் இருந்த அச்சுப் படமும் அந்தக் குடும்பத்தின் சரித்திரம்தான்.

"அந்தக் காலத்தில எங்கட ஆக்களும் பிள்ளைகளைக் கீறுவிச்சாங்களா? அது வெள்ளைக்காரர் வேலையெல்லோ?"

வசதி இருந்தவர்கள் செய்வித்தார்கள். தென்னிந்தியாவில் எண்ணெய் வர்ணத்தில் ஆளுருவம் தீட்டும் கலையை ராஜா ரவி வர்மா (1848–1906) உச்சத்துக்குக் கொண்டுபோன காலம் அது. 1893இல் அவர் தீட்டிய ஒரு படத்தில் அவருடைய மூத்த மகள் மகாபிரபா குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கிறார். கூட ஒரு நாய். நம்மூர்க் குழந்தையை நம்மூர் நகையோடும் துணியோடும் எண்ணெய் வர்ணத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்று அறிய அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அடுத்த வருடம், 1894இல், அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதற்குப் பிறகு முதல் பதிலில் சொன்ன அச்சுப் படங்கள் சாதாரண வீடுகளுக்குள்ளும் அதிகமாக வந்தன.

இலங்கையில் போட்டோ நிலையங்கள் கொழும்பிலும் கண்டியிலும்தான் பெயர் பெற்றிருந்தன. ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. திருகோணமலைக்கு ரயில் வந்ததோ 1920களில்தான். அதனால் இங்கிருந்து ஒரு பிள்ளைக்குப் படம் செய்விப்பது, கப்பலிலோ வண்டியிலோ போய் வந்து செய்யும் பெரிய காரியம். ஒரு பிள்ளைக்காக அவ்வளவு மினக்கெட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துத்தான் நான் இந்தப் படங்களைக் கையில் எடுப்பேன்.

"படத்துக்கு எத்தினை வயசு எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். பிறேமைச் சுவரில் இருந்து இறக்கி, மெத்தென்ற துணி விரித்து, முகம் கீழே அமுங்காதபடி இருவராகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். துணியில் தீட்டிய படமென்றால் வர்ணக் கடையின் முத்திரை துணியிலேயே இருக்கலாம். லண்டன் வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனம் 1832இல் தொடங்கியது. அந்த முத்திரையில் இருக்கும் முகவரி காலத்துக்குக் காலம் மாறியது என்பதால், அதை வைத்தே ஏறத்தாழக் காலத்தைக் குறிக்க முடியும். போட்டோவென்றால் மெல்லிய தாளை அட்டையில் ஒட்டி, அது மஞ்சள் பழுப்பாக மாறியிருந்தால் முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் தாளாக இருக்கலாம். 1850இல் அறிமுகமான அந்தத் தாள் 1890கள்வரை கோலோச்சியது. கறுத்த இடங்களில், குறிப்பாக ஓரங்களில், சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் அது பிந்திய, ஜெலற்றின் என்ற பசை பூசிய தாள்.

பின்பக்கத்தில் பழைய பத்திரிகை ஒட்டியிருந்தால் கவனமாக வாசியுங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. அந்தத் தாள் பின்னால் இருந்தால் அதற்குப் பிறகு யாரோ பிறேம் மாற்றியிருக்கிறார்கள். படம் அதைவிடப் பழையதாக இருக்கத் தடையில்லை. எழுத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. '1887' என்று போல்பொயின்ற் பேனாவால் எழுதியிருந்தால், அதை எழுதியது 1945க்குப் பிறகு வந்த ஒருவர், தான் கேள்விப்பட்டதை வைத்து. அதற்காக அந்தப் பின்தாளைக் கிழித்து எறிய வேண்டாம். பிறேம் கடையில் புதுச் சட்டம் போடக் கொடுக்கும்போது பழைய பலகை, தாள், ஆணி எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கடையில் அதைக் குப்பை என்றுதான் நினைப்பார்கள். படத்தின் வயதுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி பல வேளை அது ஒன்றுதான்.

"பூட்டன் எண்டு சொல்லுறாங்க. ஆனா படத்தில கவுண் போட்ட பொம்பிளைப் பிள்ளைதானே இருக்கு?"

பூட்டனாகவே இருக்கலாம். ஐரோப்பியரிடம் ஆண் பிள்ளைக்கும் நாலைந்து வயது, சில வீடுகளில் ஏழு வயதுவரைகூட, கவுண்தான் உடுப்பு. காற்சட்டை போடத் தொடங்குவதே வீட்டில் ஒரு விசேஷம். இங்கே மிஷன் பள்ளிகளோடும் கச்சேரி உத்தியோகத்தோடும் தொடர்பிருந்த குடும்பங்கள் படத்துக்காக அந்த உடுப்பைப் போட்டிருக்கலாம். ஐரோப்பியப் படங்களில் தலைவகிடு ஒரு குறிப்புத் தரும்: பெண் பிள்ளைக்கு நடுவகிடு, ஆண் பிள்ளைக்குப் பக்கவகிடு. எப்போதும் சரிவராது, ஆனாலும் பார்க்க வேண்டியது.

நம்மிடமும் முதல் மொட்டைக்கு முன் பொடியனுக்குப் பின்னல் பின்னி, பூ வைத்து, பொட்டிட்டுப் படம் எடுக்கும் ஆசை இன்றுவரை இருக்கிறதே. அதனால் பூவும் பொட்டும் தண்டையும் எதையும் முடிவாகச் சொல்லாது. கழுத்தில் பஞ்சாயுதம் தெரிந்தால் அது குழந்தைக்குக் காப்பாகப் போடுவது, இரு பாலாருக்கும் பொது. மாலுமி உடுப்பென்றால், அகன்ற சதுரக் கொலரும் கீழே முடிச்சும் இருந்தால், அது ஆண் பிள்ளை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 1846இல் வின்டர்ஹால்டர் என்ற ஓவியர் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனை அந்த உடுப்பில் தீட்டிய பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. நூற்றாண்டின் கடைசியில் பெண் பிள்ளைகளுக்கும் அதே கொலரைப் பாவாடையோடு தைத்தார்கள். ஆகவே இடுப்புக்குக் கீழும் பாருங்கள்.

"செத்த பிள்ளையைத்தான் அப்பிடிக் கீறுவிப்பாங்க எண்டு சொல்லுறாங்க. உண்மையா?"

சில படங்கள் அப்படித்தான் உருவாயின. குழந்தைகள் அடிக்கடி இறந்த காலம். போன பிள்ளையின் முகம் மறந்துவிடக் கூடாது என்று பெற்றோர், இருந்த ஒரே சின்னப் போட்டோவைக் கொடுத்துப் பெரிதாகத் தீட்டச் சொன்னதுண்டு. இறந்த பிறகு எடுத்த போட்டோவில் பெரும்பாலும் பிள்ளை படுத்திருக்கும், அல்லது தாயின் மடியில் கண்மூடி இருக்கும்.

நிற்கிற பிள்ளையை, அசையாமல் வெறித்துப் பார்க்கிறது என்பதற்காக, இறந்த பிள்ளை என்று சொல்வது தவறு. முதுகுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி இருப்பதைக் காட்டியும் அப்படிச் சொல்கிறார்கள். அந்தத் தாங்கி உயிரோடு இருப்பவரின் தலை ஆடாமல் இருக்க வைத்தது. உயிரற்ற உடலின் பாரத்தை அது தாங்கவே தாங்காது. உங்கள் வீட்டுப் பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, பேரன் பேத்தி கண்டிருக்கலாம். ஆதாரம் இல்லாமல் அந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலேயே சாகடித்துவிடாதீர்கள்.

"பிள்ளையின்ர கண் எங்க நிண்டாலும் எங்களையே பார்க்குது. வீட்டில வைச்சிருக்கலாமா?"

தாராளமாக வைத்திருக்கலாம். தீட்டும்போது பிள்ளை ஓவியரையோ கமராவையோ நேராகப் பார்த்தது. தட்டையான பரப்பில் கருவிழி நடுவில் அமைந்துவிட்டால், நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது நடுவிலேயே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். படுக்கையறையில் பயமாக இருந்தால் ஹோலுக்கு மாற்றுங்கள். பயத்தில் அலுமாரிக்குப் பின்னால் செருகுவதுதான் படத்துக்குக் கேடு.

"பிள்ளைக்குப் பின்னால ஒரு கை மட்டும் தெரியுது. ஆற்ற கை அது?"

தாயின் கை, அல்லது ஆயாவின் கை. 1870கள்வரை ஈரத் தட்டில், அதாவது இரசாயனம் பூசி ஈரம் காயுமுன் பயன்படுத்தும் கண்ணாடித் தட்டில், போட்டோ எடுக்கும்போது சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தை அசையாமல் இருக்குமா? தாயை நாற்காலியில் இருத்தி, மேலே திரைத்துணியால் மூடி, அவள் மடியில் பிள்ளையை வைத்து எடுப்பார்கள். 1871இல் மடொக்ஸ் உலர்தட்டைக் கண்டுபிடித்து, அது கடைகளுக்கு வந்த பிறகு விநாடிக்கும் குறைவான நேரம் போதுமானதாயிற்று.

தீட்டுபவர் பிறகு அந்தத் துணிக்குவியலைச் சோபாவாகவோ திரையாகவோ மாற்றிவிடுவார். கையை மாற்ற மறந்துவிட்டால் அது இப்படித் தனித்து நிற்கும். படத்தில் எங்கும் பெயர் பெறாத அந்தத் தாய் மிஞ்சியிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். படத்தைத் 'திருத்த'க் கொடுக்கும்போது அந்தக் கையை அழித்துவிடச் சொல்லாதீர்கள்.

"தாத்தா டொக்யார்ட்டில வேலை. ஏலத்தில எடுத்த வெள்ளைக்காரப் பிள்ளையின்ர படம் இருக்கு. அது பெறுமதியான ஒண்டா?"

முதலில் அது அச்சுப் படமா என்று பாருங்கள். ஆங்கில ஓவியர் மில்லே தீட்டிய பிள்ளைப் படங்கள் அக்காலத்தில் இலட்சக்கணக்கில் அச்சாகி உலகம் முழுக்கப் போயின. 1886இல் தன் பேரன் சவர்க்காரக் குமிழியை அண்ணாந்து பார்ப்பதாக அவர் தீட்டியதை பியர்ஸ் சவர்க்கார நிறுவனம் விளம்பரமாகவே போட்டது. அந்தப் பேரன் வில்லியம் ஜேம்ஸ் பின்னாளில் பிரித்தானியக் கடற்படையில் அட்மிரலாக உயர்ந்தார்.

கையால் தீட்டியதென்றால், 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் வரும்வரை இங்கே வந்துபோன குடும்பங்களில் ஏதோ ஒன்றின் பிள்ளையாக இருக்கலாம். பின்னால் பெயர் இருந்தால், பென்றி லூயிஸ் 1913இல் கொழும்பில் வெளியிட்ட இலங்கைக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பில் தேடலாம். திருகோணமலையில் அடக்கமான ஆங்கிலேயரும் அதில் உள்ளனர். விலை பற்றி நான் பேசுவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து உடனே காசு தருகிறேன் என்றால், அன்று கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"கறுத்துப் போச்சு. உருளைக்கிழங்கு வெட்டித் தேய்ச்சா வெளுக்கும் எண்டு சொன்னாங்க. செய்யலாமா?"

செய்யவே கூடாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பாண் துண்டு, சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் முயன்ற படங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. தேய்த்த அன்று பளிச்சென்றுதான் இருக்கும். கிழங்கின் மாச்சத்து வெடிப்புகளுக்குள் தங்கி, அடுத்த மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியை இழுத்து முன்னிலும் கறுக்கும். தண்ணீர் துணிக்குப் பின்னால் இறங்கினால் வர்ணம் அடியோடு செதிலாக எழும்பும். படம் நீர்வர்ணம் தீட்டிய போட்டோ என்றால் கன்னமும் உதடும் துணியோடு வந்துவிடும். கரித்துண்டால் செய்ததை விரலால் தொட்டாலே போச்சு.

பெரும்பாலான எண்ணெய்ப் படங்களில் கறுப்பும் மஞ்சளும் வர்ணத்தில் இல்லை, மேலே பூசிய வார்னிஷிலும் படிந்த புகையிலும் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் அதைக் கரைத்து எடுக்க முடியும். கொழும்பு தேசிய நூதனசாலையிலும், தாள் சம்பந்தப்பட்டதென்றால் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் வழிகேட்கலாம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: வர்ணம் எங்கும் உரியாமல் இருந்தால், புதிய மெல்லிய தூரிகையால் தூசியை மேலிருந்து கீழாகத் தட்டிவிடுவது. உரிந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

"கடல் காத்து ஊருக்கு. எங்க மாட்டுறது நல்லம்?"

நம்மூரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்து சுருங்கும். ஒக்டோபரில் இருந்து ஜனவரிவரை மழையில் எல்லாம் ஊறி விரியும். துணியும் மரச்சட்டமும் வர்ணமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால்தான் வெடிப்பு வருகிறது. ஆகவே வெளிச்சுவர் வேண்டாம், வீட்டின் உட்சுவர் நல்லது. கடல் பக்க யன்னலுக்கு எதிரிலும், குளியலறைச் சுவரிலும், வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். பிறேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும், கறையான் மண் ஏறுவதும் கண்ணில் படும். தாள் படத்துக்கு இராமபாணப் பூச்சிதான் பெரிய எதிரி. பசையையும் ஜெலற்றினையும் அது தின்னும். வருடத்துக்கு இரண்டு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும், இறக்கிப் பின்பக்கம் பாருங்கள்.

"விளக்கு வைச்சு, சந்தனப் பொட்டு வைச்சுக் கும்பிடுற படம். அது பிழையா?"

கும்பிடுவதில் பிழையே இல்லை. படத்துக்குக் கண்ணாடி இருந்தால் பொட்டை அதன் மேல் வையுங்கள், வர்ணத்தின் மேல் வைக்காதீர்கள். ஈரப் பூமாலை பிறேமின் மேல் விளிம்பில் கிடந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், தனியாக ஒரு ஆணியில் சற்று முன்னால் தொங்கட்டும். விளக்கும் சாம்பிராணியும் படத்துக்கு நேர் கீழே இல்லாமல் பக்கத்தில் தள்ளி இருந்தால் போதும். அதற்கும் மனமில்லையென்றால் நல்ல பிரதி ஒன்றைச் சாமியறையில் வைத்து, மூலப் படத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

"படம் கண்ணாடியில ஒட்டிப் போச்சு. இழுத்தா வருமா?"

படம் வராது, முகம்தான் கிழியும். ஈரத்தில் இளகிய ஜெலற்றின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியோடு சேர்த்து அப்படியே விட்டு, கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கான் செய்யுங்கள். இனிச் சட்டம் போடும் படங்களுக்குக் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை வராது.

"போனில ஏதோ ஆப் போட்டா முகம் புதுசு மாதிரி வருது. அதையே பிரிண்ட் எடுத்து மாட்டட்டா?"

மாட்டலாம், ஆனால் அது பிள்ளையின் முகம் என்று நம்பிவிட வேண்டாம். அழிந்த கண்ணையும் வாயையும் அந்தச் செயலி தனக்குத் தெரிந்த வேறு ஆயிரம் முகங்களில் இருந்து ஊகித்துப் போடுகிறது. பூட்டியின் மூக்கு உங்கள் மகளிடம் இருக்கிறதா என்று இனி அந்தப் பிரதியை வைத்துச் சொல்ல முடியாது. செயலியில் போடுமுன் ஒரு நேர்மையான பிரதி எடுங்கள்: யன்னல் வெளிச்சம், ப்ளாஷ் இல்லாமல், முன்பக்கமும் பின்பக்கமும். ஊர் ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுத்தால் இடப்பெயர்வு வந்தாலும் வெள்ளம் வந்தாலும் முகம் தப்பும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சில் இருந்து 2004 டிசம்பர் 26 கடற்கோள்வரை, இடையில் வந்த யுத்தத்தையும் சேர்த்து, இந்த ஊர் வீடுகள் எத்தனை படங்களை இழந்தன என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அண்ணா லண்டனுக்குக் கொண்டு போகப் போறார். பிளேனில ஏத்த விடுவாங்களா?"

பயணச்சீட்டு எடுக்குமுன் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். பழைய கலைப் பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குடும்பப் படம்தானே என்று விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. என் கருத்தைக் கேட்டால், மூலம் ஊரில் இருக்கட்டும், அண்ணாவுக்குத் தரமான பிரதி போகட்டும்.

"பெரியம்மா ஒரு பெயர் சொல்லுறா, மாமா வேற பெயர் சொல்லுறார். எதை எழுதி வைக்கிறது?"

இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது, எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து. பிறகு மேலே சொன்ன வழிகளில் படத்தின் காலத்தைக் கண்டுபிடித்து, அந்தக் காலத்தில் அந்த வயதில் குடும்பத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். சாதக ஓலை, காணி உறுதி, கத்தோலிக்க, மெதடிஸ்த குடும்பமென்றால் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, இவையெல்லாம் உதவும். பதிவேட்டில் பெயரே இல்லாமல், வீட்டில் அழைத்த செல்லப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் விடாதீர்கள்.

எழுதுவது படத்தின் முதுகில் வேண்டாம். பேனா மை ஊடுருவி முன்பக்கம் வரும், அழுத்தினால் வர்ணம் வெடிக்கும். தனித் தாளில் பென்சிலால் எழுதி, உறையில் போட்டு, பின்பலகையின் வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். இன்னொரு பிரதி காணி உறுதியோடு இருக்கட்டும். பெரியம்மாவிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வார இறுதியிலேயே போய்க் கேளுங்கள், போனில் பதிவு செய்யவும் மறக்காதீர்கள்.